முதல் உலகப்போர்: காரைக்கால் முஸ்லிமுக்கும் எழுதப்பட்ட ஒரு ஃபத்வா

"மூன்றாம் உலகப்போர் தொடங்கிவிட்டது" என்ற தகவல் மாதம் ஒரு முறையாவது நம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. காஸாவில் குண்டு விழுந்தாலும், உக்ரைனில் விழுந்தாலும், செங்கடலில் ஒரு கப்பல் தாக்கப்பட்டாலும் இதே தகவல்தான். கூடவே ஒரு காணொளியும் வரும். அதில் பேசுபவர் யார், எந்த ஊர், எங்கே ஓதியவர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முஸ்லிம்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று மார்க்கத்தின் பெயரால் அவர் தீர்ப்பு வழங்கிவிடுவார். பிறகு இளைஞர்கள் நம்மிடம் வந்து கேட்பார்கள்: "ஹஜ்ரத், நாம யார் பக்கம்?"

இந்தக் கேள்வி புதிதல்ல. நூறாண்டுகளுக்கு முன் முதல் உலகப்போரின்போது இதே கேள்வியை நம் பாட்டனார்களும் எதிர்கொண்டார்கள். அன்று அதற்குப் பதில் சொல்ல வல்லரசுகளே போட்டி போட்டன. அந்தப் போட்டியில் மார்க்கத் தீர்ப்புகள் எப்படித் தயாராயின என்பதை நம் சமுதாயம் போதுமான அளவு படிக்கவில்லை என்பது என் கருத்து. நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹசன் (ரஹ்) அவர்களின் மால்டா சிறைவாசத்தைக் கண்ணீரோடு கேட்டிருக்கிறோம். பின்னர் பட்டப்படிப்பில் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதைப் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். இரண்டும் ஒரே போரின் இரண்டு பக்கங்கள் என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை, இங்கேயும் யாரும் சொல்லவில்லை.

1914 ஜூன் 28 அன்று இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டதுதான் போருக்குக் காரணம் என்று பாடநூல் சொல்கிறது. அது தீக்குச்சி மட்டுமே. விறகு அதற்கு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. அன்றைய இந்திய முஸ்லிம் பத்திரிகைகளை வாசித்து வந்தவர்களைக் கேட்டிருந்தால், 1911இல் இத்தாலி உஸ்மானியர்களிடமிருந்து திரிப்போலியைப் பறிக்கப் புறப்பட்டதிலிருந்து கணக்கைத் தொடங்கியிருப்பார்கள். விமானத்திலிருந்து மனிதர்கள் மீது முதன்முதலாகக் குண்டு வீசப்பட்டது 1911 நவம்பர் 1 அன்று, திரிப்போலிக்கு அருகேதான். உஸ்மானியப் பேரரசு அங்கே திணறுவதைப் பார்த்த பால்கன் நாடுகள் அடுத்த ஆண்டே அதன் மீது பாய்ந்தன. அந்தப் போரில் வென்று பெருத்த செர்பியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான பகைதான் சரயேவோவில் வெடித்தது. ஐரோப்பியப் போர் என்று நாம் நினைப்பது ஒரு முஸ்லிம் பேரரசின் உடைமைகளைப் பங்குபோடும் சண்டையின் வழியாகவே வந்து சேர்ந்தது.

இதற்குள் தொழிற்சாலைகள் வேறு பெருகியிருந்தன. எஃகு உற்பத்தியில் ஜெர்மனி பிரிட்டனை முந்திவிட்டது. பெர்லினிலிருந்து பாக்தாதுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டன் தன் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்தது. அதற்காக 1914இல் பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கையே பிரிட்டிஷ் அரசு வாங்கியது. படைகளைத் திரட்டுவது ரயில் கால அட்டவணையின் கணக்காகிவிட்டது. ஒரு நாடு ரயில்களைக் கிளப்பிவிட்டால் எதிரி நாடு ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க முடியாது. பேசித் தீர்க்க அவகாசமே இல்லாத ஏற்பாடு அது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1739 முதல் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காரைக்காலைச் சுற்றிலும் பிரிட்டிஷாரின் தஞ்சை மாவட்டம். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது பிரிட்டிஷ் இந்தியா. ஜெர்மனி பிரான்சின் மீது போர் அறிவித்தது 1914 ஆகஸ்ட் 3 அன்று. பிரிட்டன் போரில் இறங்கியதோ ஆகஸ்ட் 4 இரவில். ஆக, சட்டப்படி பார்த்தால் நாகூர்க்காரரை விட ஒரு நாள் முன்னதாகவே காரைக்கால்காரர் ஜெர்மனியோடு போரில் இருந்தார்! அண்ணன் இங்கே, தங்கையைக் கொடுத்த வீடு அங்கே என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு இப்படியொரு வேறுபாடு இருப்பதே தெரிந்திருக்காது.

ஆனால் போரின் சூடு அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுத் தெற்கே போனது. வங்காள விரிகுடாவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பயத்தின் எச்சம். அக்டோபர் 28 அன்று அது பினாங்குத் துறைமுகத்திற்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, வெளியே வந்த வழியில் முஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் அழித்தது. பினாங்கு நம்மவர்களுக்கு அந்நியமான இடமா? காரைக்காலிலும் நாகூரிலும் வீட்டுக்கொருவர் "சபர்" போன ஊர். ஆண்கள் எல்லாம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைகோனிலும் இருக்க, கப்பலும் கடிதமும் பணமும் வராமல் வீட்டுப் பெண்கள் காத்திருந்த மாதங்களை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதவில்லை.

நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, கோகோஸ் தீவருகே எம்டனை முடித்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஒரு ஃபத்வா வாசிக்கப்பட்டது. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஷைகுல் இஸ்லாம் உர்குப்லு முஸ்தஃபா ஹைரி எஃபெந்தியின் பெயரால் வந்த அதில் ஐந்து கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் "ஆம்" என்று பதில். இஸ்லாமிய அரசு தாக்கப்படும்போது எல்லா முஸ்லிம்கள் மீதும் ஜிஹாத் கடமையாகுமா? ஆம். ரஷ்யா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகியவற்றின் ஆட்சியில் வாழும் முஸ்லிம்கள் மீதும் அது கடமையா? ஆம். கொல்லப்படுவோம் என்று மிரட்டப்பட்ட நிலையிலும் எதிரிப் படையில் சேர்ந்து போரிட்டால் பெரும்பாவமா? ஆம். கடைசிக் கேள்வி, அந்த அரசுகளின் கீழுள்ள முஸ்லிம்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிராகப் போரிடுவதும் பாவமா என்பது. அதற்கும் ஆம்தான்.

பிரான்ஸின் பெயர் அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஆக, காரைக்கால் முஸ்லிமும் அந்த ஃபத்வாவின் முகவரியில் இருந்தார்.

இஃப்தா பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விஷயம் ஒன்று உண்டு. முஃப்தி, கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறார். கேள்வியில் சொல்லப்படாததை அவர் விசாரிக்காவிட்டால், கேள்வியை எழுதியவரே பாதி ஃபத்வாவை எழுதிவிடுகிறார். இஸ்தான்பூல் ஃபத்வாவில் கேட்கப்படாத கேள்விகளைப் பாருங்கள். உஸ்மானிய அரசு ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் செய்தது ஆகஸ்ட் 2 அன்றே, அதாவது ஃபத்வாவுக்கு மூன்றரை மாதம் முன்பு. அக்டோபர் 29 அன்று கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களை முதலில் தாக்கியது உஸ்மானியக் கொடி ஏற்றிய கப்பல்கள்தான், அதுவும் ஒரு ஜெர்மன் தளபதியின் கட்டளையில். இந்த இரண்டும் கேள்வியில் இல்லை. ஒரு கிறிஸ்தவப் பேரரசனை எதிர்ப்பது ஃபர்ளு, இன்னொரு கிறிஸ்தவப் பேரரசனை எதிர்ப்பது பாவம் என்ற பிரிவு ஃபிக்ஹு நூல்களிலிருந்து வரவில்லை. பெர்லின் ஒப்பந்தத்திலிருந்து வந்தது. நிர்ப்பந்தத்திற்கு ஆளானவனின் நிலையை இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பேசியிருக்கிறார்கள் என்பது ஓதியவர்களுக்குத் தெரியும். அத்தனையையும் ஒரே "ஆம்" விழுங்கிவிட்டது.

உஸ்மானியர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மக்கள் நன்கொடை திரட்டி பிரிட்டனில் கட்டக் கொடுத்த இரண்டு போர்க்கப்பல்களை, பணம் வாங்கிய பிறகும், 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சர்ச்சில் பறிமுதல் செய்தார். அந்த வயிற்றெரிச்சல் துருக்கிய மக்களுக்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அநீதிக்கு ஆளானவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒரு ஃபத்வா சரியாகிவிடாது.

ஜெர்மனியின் கணக்கு தெளிவானது. கைசர் வில்ஹெல்ம் 1898லேயே டமாஸ்கஸில் சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திற்குப் போய், உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்கும் தான் நண்பன் என்று பேசியவர். போர் வந்ததும் மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம் என்பவர் முஸ்லிம் நாடுகளில் கிளர்ச்சி மூட்டுவதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதற்கென பெர்லினில் ஓர் அலுவலகமே திறந்தார்கள். கைசர் இஸ்லாத்தைத் தழுவி ஹாஜியாகிவிட்டார் என்ற வதந்திகூடப் பரவியது. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே இதை "ஜெர்மனியில் தயாரான புனிதப்போர்" என்று 1915லேயே கிண்டல் செய்தார். அவரும் இந்தோனேசிய முஸ்லிம்களை அடக்க டச்சு அரசுக்கு ஆலோசனை சொன்னவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கம் மட்டும் சும்மா இருந்ததா? பிரான்ஸ் தன் ஆட்சியிலுள்ள அல்ஜீரிய, துனீசிய, மொராக்கோ மார்க்கத் தலைவர்களிடம் விசுவாச அறிக்கைகளை வாங்கி அச்சிட்டது. ஹைதராபாத் நிஜாம், பிரிட்டிஷாருக்கு விசுவாசமாக இருக்கும்படி முஸ்லிம்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஹிஜாஸின் புனிதத்தலங்களும் ஜித்தா துறைமுகமும் தாக்கப்படாது என்று நவம்பர் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. எல்லோருக்கும் முஸ்லிமின் ஈமான் தேவைப்பட்டது, அவன் உடலைக் களத்தில் நிறுத்துவதற்காக.

அந்த ஈமானோடு விளையாடியதன் விலையை முதலில் கொடுத்த ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். சூலியா பள்ளிவாசலும் தெலுக் ஆயர் சாலை நாகூர் தர்காவும் இருக்கும் ஊர். அங்கே காவலிருந்த ஐந்தாம் இலகு காலாட்படை முழுக்க முஸ்லிம் சிப்பாய்கள், பெரும்பாலும் இன்றைய ஹரியானா பக்கத்து ரங்கர்கள். எம்டனில் பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளைக் காவல் காத்தவர்களும் இவர்கள்தான். "ஹாஜி" கைசரைப் பற்றியும் கலீஃபாவின் அழைப்பைப் பற்றியும் அவர்கள் காதில் விழாமலா இருக்கும்? ஹாங்காங்குக்குப் புறப்படு என்று கட்டளை வந்தது. துருக்கியரோடு போரிடத்தான் அனுப்புகிறார்கள் என்று நம்பினார்கள். 1915 பிப்ரவரி 15 அன்று பாதிப் படை கிளர்ந்தது. சாலையில் கண்ட வெள்ளையர்களை, ஆயுதமற்றவர்களையும் சேர்த்து, சுட்டார்கள். கைதிகளை விடுவித்தபோது ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் இவர்களோடு சேர மறுத்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விவரம். சிலர் மட்டும் சந்தடியில் தப்பி ஓடினார்கள். யாருக்காக எழுந்தார்களோ அவர்களே கைவிரித்தார்கள்.

கிளர்ச்சியை அடக்க ரஷ்ய, ஜப்பானிய மாலுமிகளோடு பிரெஞ்சுக் கப்பல் மோன்கால்மின் மாலுமிகளும் வந்தார்கள். ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரோரம், பொதுமக்கள் கூடி நின்று பார்க்க, 47 சிப்பாய்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த ஊர் இந்தியர்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது. கிளர்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத தமிழ் வணிகரும் கூலியாளும் இதில் அடக்கம். இன்று ஏதாவது ஓர் ஊரில் ஒருவன் செய்யும் காரியத்துக்கு எங்கோ இருக்கும் நம் பிள்ளைகளின் அடையாள அட்டையைக் கேட்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

மேற்குக் களத்தில் நடந்ததைச் சொல்ல இரண்டு சகோதரர்கள் போதும். இருவரும் திராஹ் மலையைச் சேர்ந்த அஃப்ரீதி பட்டாணியர்கள், பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஜமேதார்கள். மீர் மஸ்த் 1915 மார்ச் தொடக்கத்தில் பிரான்சில் தன் ஆட்கள் சிலரோடு இரவோடு இரவாக ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். பிறகு ஜெர்மன்–துருக்கியத் தூதுக்குழுவோடு காபூல் வரை போனார். அண்ணன் மீர் தஸ்த் ஏப்ரல் 26 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில், விஷவாயுவுக்கு நடுவே, காயம்பட்ட எட்டு அதிகாரிகளைச் சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். பிரைட்டன் மருத்துவமனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன் கையால் அவருக்கு விக்டோரியா சிலுவையைக் குத்தினார். விஷவாயு கெடுத்த நுரையீரல் பிறகு சரியாகவே இல்லை. ஒரே தாய் பெற்ற இருவர், இரண்டு பேரரசுகளுக்கு. இவர்களில் யாரை நாம் பாராட்டுவது, யாரைப் பழிப்பது? நான் இருவரையுமே பழிக்க மாட்டேன்.

அந்த வாயுவை ஜெர்மானியர் முதன்முதலில் பெருமளவில் திறந்துவிட்டது அதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 22 அன்று. அது போய் விழுந்த அகழிகளில் பிரான்சின் அல்ஜீரியப் படையினர் இருந்தார்கள். முப்பது கோடி முஸ்லிம்களின் நண்பன் அனுப்பிய காற்று முஸ்லிம்களின் மூச்சில்தான் முதலில் இறங்கியது.

சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். அதனால் அவை இன்றும் கிடைக்கின்றன. உண்மையை நேராக எழுத முடியாது. எனவே இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையர்களைச் சிவப்பு மிளகு என்றும் சங்கேதமாக வைத்து, எது எவ்வளவு தீர்ந்துபோனது என்று எழுதினார்கள். இங்கே யாரையும் அனுப்பாதே என்று வீட்டுக்கு ஜாடையாகச் சொன்னார்கள். இங்கிலாந்தில் மௌத்தான முஸ்லிம் சிப்பாய்களை மார்க்க முறைப்படி அடக்கவில்லை என்று ஜெர்மனி பிரசாரம் செய்தது. அதற்குப் பதிலாகத்தான் வோக்கிங் நகரில் முஸ்லிம்களுக்கென்று தனி அடக்கத்தலம் கட்டப்பட்டது. இறந்த பிறகும் அவர்கள் பிரசாரத்துக்குப் பயன்பட்டார்கள்.

இராக்கில் இதைவிட மோசம். கூத் நகரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை 147 நாட்கள் துருக்கியர் முற்றுகையில் பிரிட்டிஷ் இந்தியப் படை அடைபட்டுக் கிடந்தது. உணவு தீர்ந்ததும் குதிரைகளை அறுத்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் சாப்பிட மறுத்தார்கள். சாப்பிடலாம் என்று இந்தியாவிலிருந்து மார்க்க அறிஞர்களின் அனுமதியைத் தந்தியில் வரவழைத்துக் காட்டினார்கள், அப்போதும் பலர் தொடவில்லை. (குதிரை இறைச்சி நம் கரையோர ஷாஃபிஈகளுக்கு ஹலால், இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் மக்ரூஹ். பசியில் சாகும் நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பது எல்லா மத்ஹபுக்கும் பொது. ஆனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம் மத்ஹபை விடப் பெரிது.) கடைசியில் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். உயிர் பிழைத்த இந்தியர்கள் ராஸுல் ஐனில் ரயில் பாதை வேலைக்குப் போனார்கள். ஆம், அதே பெர்லின்–பாக்தாத் ரயில் பாதைதான்.

தமிழ்நாட்டு ஆட்களும் இந்தப் போரில் இருந்தார்கள். சென்னை சாப்பர்ஸ் படையினர் இராக்கில் பாலமும் பாதையும் அமைத்தார்கள். பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படை, கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் 1914 நவம்பரில் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, எந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் சிதறியது. மொத்தத்தில் கடல்கடந்து போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பாதவர்கள் சுமார் 74,000 பேர்.

பிரெஞ்சிந்தியாவின் கதை சற்று வேறு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமூகத்தின் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பார்கள். 1915 டிசம்பரில் ராணுவக் கடமை இங்கும் சட்டமானபோது அதன் கீழ் வந்தவர்கள் முக்கியமாக இவர்களே. நம்மவர்களில் பெரும்பாலோர் ஷரீஅத் சட்டத்தை விடாதவர்கள். சொல்தா குடும்பங்கள் என்று புதுவையிலும் காரைக்காலிலும் இன்று நாம் சொல்லும் மரபின் ஒரு வேர் அந்தப் போரில் இருக்கிறது. இறந்தவர்களுக்காகப் புதுவைக் கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் இன்றும் நவம்பர் 11 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள்.

படைக்குப் போகாதவர்களுக்கும் போர் வந்தது. இலங்கையில் பண்டங்களின் விலை ஏறியது. விலையை ஏற்றியவர்கள் நம் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள்தான் என்ற கோபம் பழைய மதப் பூசலோடு சேர்ந்து, 1915 மே இறுதியில் கண்டியில் கலவரமாக வெடித்துப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஹஜ் பயணம் தடைபட்டது. 1918இல் சென்னையில் அரிசிக்கடைகளைச் சூறையாடும் அளவுக்குத் தட்டுப்பாடு முற்றியது. அதே ஆண்டு, படைகள் ஏறி வந்த கப்பல்களோடு விஷக்காய்ச்சலும் இறங்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகம் முழுவதும் களத்தில் இறந்த வீரர்களின் தொகை 90 லட்சம் முதல் ஒரு கோடி என்கிறார்கள். இந்தியாவின் காய்ச்சல் சாவு ஒன்றே அதற்கு ஈடாக இருக்கிறது.

இப்போது இரண்டாவது ஃபத்வாவுக்கு வருகிறேன். 1916 ஜூனில் மக்காவின் ஷரீஃப் ஹுசைன், பிரிட்டிஷ் பணமும் ஆயுதமும் வாங்கிக்கொண்டு துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தார். இதற்கும் மார்க்க அங்கீகாரம் தேவைப்பட்டது. துருக்கியர் காஃபிர்கள், அவர்களை எதிர்ப்பது கூடும் என்ற வாசகத்தோடு ஒரு தாள் தயாரானது. அப்போது ஹிஜாஸில் இருந்த ஷைகுல் ஹிந்த் (ரஹ்) அவர்களிடம் கையெழுத்துக் கேட்டார்கள். இந்திய முஸ்லிம்களிடம் எடுபட அவருடைய கையெழுத்துதான் வேண்டும். அவர் மறுத்தார். டிசம்பரில் ஷரீஃபின் ஆட்கள் அவரைக் கைதுசெய்து பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள். கெய்ரோவில் விசாரணை, பிறகு மால்டா தீவு. அறுபத்தைந்து வயது முதியவர், கூடவே மவ்லானா ஹுசைன் அஹ்மத் மதனி (ரஹ்) உள்ளிட்ட சிலர். அவர்களில் ஹகீம் நுஸ்ரத் ஹுசைன் அந்தத் தீவிலேயே மௌத்தாகி அங்கேயே அடங்கினார். மற்றவர்கள் 1920இல்தான் பம்பாய் வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஷைகுல் ஹிந்த் மறைந்தார்.

ஷைகுல் ஹிந்த் நடுநிலையாளர் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியை அகற்ற உஸ்மானிய உதவியைத் தேடிப் போனவர், அன்வர் பாஷாவையும் ஜமால் பாஷாவையும் மதீனாவில் சந்தித்தவர். பட்டுக் கடிதத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அன்றும் வாதம் இருந்தது, இன்றும் செய்யலாம். எனக்கு அவர் செய்த அரசியலை விட, அவர் போடாத கையெழுத்துதான் பெரிது. கலிமா சொன்னவனைக் காஃபிர் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை, எழுதாவிட்டால் சிறை என்ற இடத்தில் ஒரு ஆலிம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் காலத்துக்கு நெருக்கமான உதாரணம் இது. வினோதம் என்னவென்றால், இஸ்தான்பூலில் அந்த ஐந்து "ஆம்"களை எழுதிய ஹைரி எஃபெந்தியையும் போர் முடிந்த பிறகு பிரிட்டிஷார் மால்டாவுக்குத்தான் அனுப்பினார்கள். எழுதியவருக்கும் எழுத மறுத்தவருக்கும் ஒரே தீவு.

ஷரீஃபுக்கு என்ன கிடைத்தது? அரபுகளுக்குச் சுதந்திர அரசு என்று 1915–16 கடிதங்களில் மக்மஹோன் ஆசை காட்டினார். 1916 மே மாதம் பிரிட்டனும் பிரான்ஸும் சைக்ஸ்–பிகோ ரகசிய ஒப்பந்தத்தில் அதே நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய உதவுவதாக எழுதிக் கொடுத்தார். ரகசிய ஒப்பந்தம் அதே மாதம் ரஷ்யப் புரட்சியாளர்கள் மூலம்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்து ஷரீஃபின் மகன் ஃபைசலை விரட்டியது. அந்தப் படையில் வட ஆப்பிரிக்க, செனகல் முஸ்லிம் சிப்பாய்கள் நிறைய இருந்தார்கள். காரைக்காலில் பறந்த அதே மூவர்ணக் கொடி டமாஸ்கஸில் ஏறியது. தனக்காக உயிர் நீத்த முஸ்லிம்களுக்கு நன்றிக்கடனாக பாரிஸில் பள்ளிவாசல் கட்டி 1926இல் திறந்தது பிரான்ஸ். சரியாக அந்த நாட்களில் சிரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியை அடக்கிக்கொண்டும் இருந்தது. காஸாவில் இன்று நாம் காணும் இரத்தத்தின் கணக்கை 2023 அக்டோபரில் தொடங்குபவர்களிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

இந்த வரலாற்றை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024இல், வேலை வாங்கித் தருகிறோம் என்று அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு உக்ரைன் களத்தில் நிறுத்தப்பட்டது வெளியானது. சிபிஐ வழக்குப் பதிந்து ஏஜெண்டுகளைப் பிடித்தது. சிலர் உயிரிழந்ததை இந்திய அரசே உறுதிப்படுத்தியது. அங்கே ஆசை காட்டியது சம்பளம். வேறு இடங்களில் மார்க்கம். நம் ஊர் ஏஜெண்டுகளும் விசாவும் நிறைந்த ஊர். பையன் எந்த நாட்டுக்குப் போகிறான், ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பெற்றோர் பார்க்க வேண்டும். காணொளியில் ஃபத்வா சொல்பவரிடம் அதே விசாரணையைச் செய்ய வேண்டியது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு. கேள்வியை எழுதியது யார், அதில் எது சொல்லப்படவில்லை, போகச் சொல்பவரின் மகன் எங்கே இருக்கிறான். ஜமாஅத்துகள் வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் இளைஞர்களுக்காக ஒதுக்கினால் இதைப் பேசலாம். ஒதுக்காவிட்டால் அந்த அரை மணி நேரத்தை அலைபேசி எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டும் இருக்கிறது.

பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் சிப்பாய்களை ஜெர்மனி தனியாக ஒரு முகாமில் வைத்திருந்தது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் என்ற இடம், பெயர் பிறை முகாம். கைதிகளை கலீஃபாவின் படைக்குத் திருப்புவதற்காக "ஜிஹாத்" என்ற பெயரிலேயே அங்கே பத்திரிகை நடத்தினார்கள். 1915 ஜூலையில் மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார்கள். தொழுகைக்காக ஜெர்மனியில் எழுந்த முதல் பள்ளிவாசல் அதுதான். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு அதை இடித்துவிட்டார்கள். பக்கத்து செஹ்ரென்ஸ்டோர்ஃப் மயானத்தில், ஊர் திரும்பாத 200க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கிடக்கிறார்கள். பள்ளிவாசல் இருந்த தெருவுக்கு இன்றும் பள்ளிவாசல் தெரு என்றே பெயர். 2015இல் அங்கே அகதிகளுக்குக் குடியிருப்பு அமைக்கும் முன் தொல்லியல் துறையினர் தோண்டி அந்த அடித்தளத்தைத் தேடினார்கள். பிறகு குடியேறியவர்களில் பலர் சிரியாவிலிருந்து வந்தவர்கள்.